மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போன நாள்

மதியம் தட்டில் கை வைத்தபோதுதான் மனைவி சொன்னாள், காலையில் மாப்பிள்ளைக்கு நாலு வாழைப்பழம் கொடுத்ததாகவும், அவள் தோலை உரித்து முடிப்பதற்குள் அத்தனையும் உள்ளே போய்விட்டதாகவும். எலிக்காரருக்குக் கை அப்படியே நின்றது.

மாப்பிள்ளை என்பது எலி. பூனையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தாலாட்டும் அளவுக்குப் பெரியது. பழைய ராஜாக்களுக்கு யானைப்படை, குதிரைப்படை. இங்கே போர் முடிந்து ஏழு வருடம் கழித்து வந்து சேர்ந்தது எலிப்படை. மண்ணுக்குள் கண்ணிவெடி இருந்தால் மோந்து கண்டுபிடித்து அந்த இடத்தைக் கீறும்; எலியின் எடைக்கு வெடிக்காது. கீறினால் ஒரு துண்டு பழம். பசிக்கிற எலிக்குத்தான் மூக்கு வேலை செய்யும். வயிறு நிறைந்துவிட்டால் கண்ணிவெடியும் ஒன்று, கருங்கல்லும் ஒன்று. வேலை முடியும்வரை எலிக்குப் பட்டினி என்ற சட்டத்தை அவர் வீட்டில் சொன்னதே இல்லை. சொன்னால் தன்னையும் சேர்த்துப் பட்டினி போடுவாள் என்ற பயம்.

"பாவம், வெறும் வயித்தோட வேலைக்குப் போகுதேன்னுதான்..." என்றாள்.

காலையில் தேடியது இவருடைய அக்காவின் நிலம். மாப்பிள்ளை ஓரிடத்திலும் கீறாமல் ஊர்வலம் போவதுபோல் போய் வந்தது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லைக் கயிற்றைத் தானே அவிழ்த்து, சுத்தம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஏழு வருடமாகத் தம்பியான இவர் வீட்டுப் பின்னறையில் முடங்கிக் கிடந்த அக்கா, மை காய்வதற்குள் துடைப்பத்தோடு கிளம்பிவிட்டாள்.

தட்டை விட்டெழுந்து எலிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு எந்தத் திசையில் பறந்ததென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அக்கா நிலத்தின் நடுவே, கூரையில்லாத வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எந்த வழியாகப் போனாளோ, காய்ந்த புல்லில் ஒரு தடமும் இல்லை.

"அக்கா, அசையாத. அப்படியே நில்லு."

"ஏன்டா, பாம்பா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ஓடுவாள்.

"இல்லக்கா. தப்பு நடந்துபோச்சு. இது வயிறு முட்டத் தின்னுட்டு வந்து தேடியிருக்கு."

அக்கா துடைப்பத்தை மண்ணிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

"நீதானடா கையெழுத்துப் போட்ட," என்றாள்.

எலிப்படை முகாமிலிருந்து வேறு எலி வர இரண்டு மணி நேரமாகும். இதற்குப் பசியெடுக்கவோ சாயங்காலமாகிவிடும். மனசு கேட்காமல் மாப்பிள்ளையைக் கயிற்றில் பூட்டி மண்ணில் இறக்கினார். அக்காவுக்கும் இவருக்கும் இடையில் முப்பது அடி. அது இரண்டடி நடந்தது. வெயிலுக்கு வாகாக உட்கார்ந்து முன்னங்கால்களால் மீசையை நிதானமாகத் துடைக்கத் தொடங்கியது. அக்கா, எடுத்த வலது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், துடைப்பத்தையும் ஊன்றாமல் ஒற்றைக்காலில் நின்றாள்.