லிபரலும் லிபெராலும்

அமெரிக்காவை ராமன் ஆண்டாலும் ராவணன் ஆண்டாலும், மதியச் சாப்பாடு முடிந்த பிறகு அதை ஆள்வது பாரிஸின் லாச்சப்பலில் றெமிஜியஸின் தேநீர்க் கடையில் மூலை மேசையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் சீத்தாராமன்தான். கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துத் தன் நேரலைச் சானலைத் திறப்பார். மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொள்வார். தொண்டையைக் கனைத்து, "வணக்கம், இது வலது பக்கம்" என்பார். அதற்கப்புறம் நேட்டோவுக்கும் நிம்மதி கிடையாது, ஐ.நா. சபைக்கும் நிம்மதி கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு நாக்கில் சனி இருந்தாலும் சரஸ்வதியும் அதே வீட்டில்தான் குடியிருந்தாள். ஐரோப்பா தன் பாதுகாப்புக்கு அமெரிக்காவை நம்பியிருப்பதைப் பற்றிப் பெரிய பெரிய பேராசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். சீத்தாராமன் ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இத்தனை வருஷமா அமெரிக்கா நெய் ஊத்துது, இவங்க நெய்தோசை சாப்பிடறாங்க. இனிமே நெய்ய நீங்களே வாங்கிக்கோங்கன்னு சொன்னா மட்டும் மூஞ்சி கோணிப்போகுது." எல்லைச் சுவரைப் பற்றிக் கேட்டால், "வீட்டுக்குக் கதவு வைக்கிறவன் கல்நெஞ்சக்காரனா?" என்பார்.

அப்போது தேநீர் கொண்டுவரும் இலங்கைத் தமிழர் றெமிஜியஸ், "ஐயா, நான் வந்த நேரம் இஞ்சை கதவு பூட்டியிருந்தால், உங்களுக்கு இண்டைக்குத் தேத்தண்ணி இல்லை கண்டியளோ" என்று கோப்பையை வைத்துவிட்டுப் போவார். சீத்தாராமன் அதையும் சமாளிப்பார். கதவைத் தட்டி வருகிறவன் வேறு, சுவர் ஏறிக் குதிக்கிறவன் வேறு என்பார். தான் தட்டி வந்தவரா, குதித்து வந்தவரா என்று றெமிஜியஸ் வாய் திறக்க மாட்டார். வியாபாரம் கெட்டுவிடும்.

எந்த விஷயத்தில் தொடங்கினாலும் கடைசியில் ஒரே சொல்லில்தான் வந்து இறங்குவார். லிபரல். பள்ளிக்கூடம் கெட்டுப்போனதா, லிபரல். அக்கரைச் சண்டையில் இக்கரைப் பையன் செத்தானா, லிபரல். கடைக்கு முன்னால் புறா எச்சம் போட்டால்கூட அதற்கு வாஷிங்டனில் ஒரு லிபரல் பொறுப்பாளி இருந்தார்.

இந்த வித்தையெல்லாம் டல்லாஸில் கற்றது. மகள் பிரவீணா வீட்டில் பல வருஷம் இருந்தார். பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் வரிக் கொள்கை பற்றி மருமகனோடு ஒரு சின்ன உரையாடல் நடந்தது. சாம்பார்க் கிண்ணம் ஒன்று உடைந்தது. அப்பாவின் உடம்புக்குப் பாரிஸ் குளிர்தான் ஒத்துக்கொள்ளும் என்று குடும்பமே ஒருமனதாகக் கண்டுபிடித்தது. பாரிஸில் மகன் மகிழன் மென்பொருள்காரன். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாலே காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். பாஷை தெரியாத ஊரில், சொந்த வீட்டிலும் காது கிடைக்காமல், அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அந்தப் பைத்தியத்திலிருந்து அவரைக் காப்பாற்றியவர் லூசியன். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் இலாகாவில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாரிஸ் புறநகரான பொண்டியிலிருந்து ரயிலேறி லாச்சப்பலுக்குக் கறிவேப்பிலை வாங்க வந்தவர், சீத்தாராமனின் முதல் நிகழ்ச்சிப் பேச்சு காதில் விழுந்து மேசை அருகே நின்றார். பிறகு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். எட்டு மாதமாக ஒரு நிகழ்ச்சி தவறாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, 'லிபரல்' என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார். சானலுக்கு டல்லாஸில் பழைய கோவில் நண்பர்கள் சிலர் பார்வையாளர்கள். ஆனால் ரத்தமும் சதையுமாக முன்னால் உட்கார்ந்து கேட்டவர் லூசியன் ஒருவர்தான். இவரும் போய்விட்டால் உலகத்தில் தன் பேச்சைக் கேட்க நாதியில்லை என்பது சீத்தாராமனுக்குத் தெரியும். இரவு படுக்கும்போது அதை நினைத்தால் தூக்கம் போய்விடும்.

நூறாவது நிகழ்ச்சி வந்தது. ஏதாவது விசேஷமாகச் செய்ய வேண்டும் என்று சீத்தாராமனுக்கு ஆசை.

"லூசியன் சார், நாளைக்கு நீங்க பேசறீங்க. ஐரோப்பாவ லிபரல்ஸ் எப்படி நாசம் பண்ணாங்கன்னு ஒரு பிரெஞ்சு சிட்டிசன் வாயால கேட்டா டல்லாஸ்ல எல்லாரும் ஆடிப்போயிடுவாங்க."

"வேணாம் முசியே. எனக்கு அதெல்லாம் வராது."

"நீங்க மனசுல இருக்கறத சொன்னா போதும்."

"அதான் வேணாங்கிறேன்."

தன்னடக்கம் என்று சீத்தாராமன் நினைத்துக்கொண்டார். கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், நண்பன் என்றால் செய்வான் என்றார். கடைசியில் லூசியன் பெருமூச்சு விட்டு, "அலோர், உங்க இஷ்டம்" என்றார்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். பக்கத்து மேசையில் றெமிஜியஸின் மகள் நிரோஜினி, வேலைப் பையைக் காலடியில் போட்டுவிட்டு றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தாள். பாரிஸ் அருகே செவ்ரானில் பிறந்து வளர்ந்தவள், தாதி. சீத்தாராமன் லூசியனுக்கு ஒரு முன்னுரை கொடுத்தார். அரை மணி நேரம். பிறகு கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினார்.

லூசியன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நான் தபால் இலாகால இருந்தேன். லிபெராலுங்க என்ன பண்ணானுங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் சீத்தாராமன்.

"எங்க இலாகாவ முதலாளிங்க கம்பெனி மாதிரி ஆக்குனானுங்க."

சீத்தாராமனின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

"சேந்திக்கா, அதான் எங்க தொழிற்சங்கம், அது முதுகெலும்ப உடைச்சானுங்க. பணக்காரன் வரியக் குறைச்சானுங்க. ரெண்டு வருஷம் கூட உழைன்னு சொல்லி எங்க பென்ஷன், ரெத்ரெத்து, அதுலயும் கை வச்சானுங்க. எல்லாத்தையும் சந்தைகிட்ட விட்டுடு, சர்க்கார் எதுக்குன்னு கேக்குறான் பாருங்க, அவன்தான் லிபெரால். அவன நான் முப்பது வருஷம் தெருவுல நின்னு எதிர்த்தேன்."

வரியைக் குறை, சர்க்காரைச் சுருக்கு, சந்தையை விடு. மூன்றும் சீத்தாராமனின் மூலமந்திரம். டல்லாஸ் நண்பர் ஒருவர் திரையில் கேள்விக்குறியாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க யார சொல்றீங்க? லிபரல்னா இடதுசாரி. சர்க்கார் எல்லாத்துலயும் மூக்க நுழைக்கணும்ங்கறவன்."

பக்கத்து மேசையில் நிரோஜினிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து நிமிர்ந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "அங்கிள், அது அமெரிக்காவிலை. இஞ்சை லிபெரால் எண்டால் வலது பக்கம். உங்கடை ஆக்கள். நானும் லிபெரால்தான்."

"நீயுமா?"

"ஓம். அன்ஃபிர்மியேர் லிபெரால். ஆஸ்பத்திரியிலை சம்பளத்துக்கு நிக்காமல் சொந்தமா வீடு வீடாப் போய் ஊசி போடுற தாதி. எனக்கு முதலாளி இல்லை. வரி கட்டிக் கட்டித்தான் சாகிறன்."

கடையே சிரித்தது. எட்டு மாதம் ஊரைக் கூட்டி லிபரலைத் திட்டியிருக்கிறார். இந்த ஊர் அகராதிப்படி அத்தனையும் தன்னைத் தானே திட்டிக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. தலையாட்டிய ஒரே மனிதரும் எதிர்க்கட்சி. டல்லாஸ் வரைக்கும் மானம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. அவமானத்தில் மனிதருக்குக் கண் மண் தெரியவில்லை.

"ஒரு கம்யூனிஸ்ட்ட பக்கத்துல உட்கார வச்சு டீ வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றார் கைப்பேசியைப் பார்த்து. "பாம்புக்குப் பால் வார்த்த கதை."

உண்மையில் பாதி நாள் டீ வாங்கிக் கொடுத்தது லூசியன்தான். அவர் அதைச் சொல்லவில்லை. மெதுவாக எழுந்தார், தொப்பியை எடுத்தார், கறிவேப்பிலைப் பையை எடுத்தார். "ஒர்வுவார் முசியே" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் எதிர் நாற்காலி காலி. அதற்கடுத்த நாளும் காலி. சீத்தாராமன் விடாமல் வந்தார். சர்க்கரை டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்தார். இறக்குமதி வரியைப் பற்றி ஆரம்பித்தார். அவன் நம் சரக்குக்கு வரி போடலாம், நாம் போட்டால் மட்டும் அநியாயமா என்று கேட்டார். நல்ல வாதம்தான், ஆனால் வெறும் நாற்காலி தலையாட்டவில்லை. 'லிபரல்' என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோது நாக்கு பிறழ்ந்தது. எந்த லிபரல்? நடுவில் நிறுத்திவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

றெமிஜியஸ் தேநீர் கொண்டுவந்தார்.

"நான் சொன்னதுல என்ன தப்பு றெமிஜியஸ்? நீங்களே சொல்லுங்க. நான் நல்லா பேசறேன்னு நீங்கதானே முதல் நாளே சொன்னீங்க."

"ஓம் ஐயா, சொன்னனான். நல்லாப் பேசுறியள் எண்டு."

"அப்புறம்?"

றெமிஜியஸ் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "ஐயா, எங்கடை தமிழிலை பேசுறது எண்டால் ஏசுறது. திட்டுறது. ஆளோடை ஆள் சொல்லிக்கேக்கிறதைக் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். உங்களுக்கு நல்லாப் பேசத் தெரியும். கதைக்கத்தான் தெரியேல்லை."

எட்டு மாதமாகப் பாராட்டு என்று நினைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த சொல் அது. சீத்தாராமனுக்குக் காது சூடாகிவிட்டது. சண்டை போட வாய் துடித்தது. ஆனால் மருமகன் முகமும், மகனின் ஹெட்போனும், தொப்பியை எடுத்த லூசியனின் கையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தேநீரைக் குடிக்காமலே எழுந்தார். "பொண்டிக்கு எந்த ரயில்?" என்று கேட்டார்.

தனியாகப் பாரிஸ் ரயிலில் ஏறுவது அதுதான் முதல் தடவை. தவறான பக்கம் ஏறி, இறங்கி, ஒரு கறுப்பினப் பெண்ணிடம் கைச்சைகையில் வழி கேட்டு, கடைசியில் றெமிஜியஸ் எழுதிக்கொடுத்த முகவரிக்கு வந்து சேர்ந்தார். சின்னத் தனி வீடு. கதவைத் திறந்தது லூசியனின் மனைவி செசில்.

"நீங்கதான் அந்த அமெரிக்காவா?" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "உங்க ஆளு வந்திருக்காரு" என்று குரல் கொடுத்தாள்.

லூசியன் வீட்டுச் செருப்போடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

சீத்தாராமன் ரயிலில் நல்ல முன்னுரை ஒன்று தயார் செய்திருந்தார். ஒரு சொல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. "கதைக்கலாம்னு வந்தேன்" என்றார்.

லூசியன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழி விட்டார். கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

"தப்பு என்னுது. அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் சீத்தாராமன். "அந்த லிபரல்ங்கற வார்த்தை நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திடுச்சு."

"உங்களத்தான் ஏமாத்துச்சு. என்னை இல்ல."

"என்னது?"

"முப்பது வருஷம் தினமும் பேப்பர் படிச்சவன் நான். அமெரிக்கால லிபெரால்னா யாருன்னு எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். நீங்க யாரத் திட்டுறீங்கன்னும் தெரியும். கிட்டத்தட்ட என்னைத்தான்."

சீத்தாராமன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எட்டு மாசமா ஏன் தலையாட்டினீங்க?"

"செசிலுக்குக் கூடத்தான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தலையாட்டுறேன். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்னா அர்த்தம்?"

சமையலறையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது.

லூசியன் குரலைத் தாழ்த்தினார். "சேந்திக்கால என் கூட இருந்தவனுங்கள்ல பாதி பேர் செத்துட்டானுங்க, மீதிப் பேர் தெற்கே கடலோரம் வீடு வாங்கிப் போயிட்டானுங்க. பிள்ளைங்ககிட்ட அரசியல் எடுத்தா, அப்பா, விடுங்கன்னு போனப் பாக்குதுங்க. உங்களப் பாத்தேன். சொல்றது பூரா தப்பு. ஆனா மனுஷன் என்னா ருசியா சொல்றாருன்னு உட்கார்ந்துட்டேன். எதுத்துப் பேசினா நீங்களும் எழுந்து போயிடுவீங்களோன்னு பயம். அதான் தலைய ஆட்டுனேன். என்னைப் பேச வைக்காதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா? போன என் பக்கம் திருப்பின பிறகு பொய் சொல்ல வரல."

இதே பயத்தோடுதான் சீத்தாராமனும் இத்தனை நாள் இரவில் படுத்திருந்தார். எதிர் நாற்காலியிலும் அதே பயம் உட்கார்ந்திருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. "சரி, இப்ப எதிர்த்துப் பேசுங்க. நான் எழுந்து போகல" என்றார்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். போக மாட்டேன்."

லூசியன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல் நாள், பனி பேஞ்சுது, நீங்க சிவப்பு மஃப்ளர் போட்டிருந்தீங்க. நேட்டோ பத்தி நெய்தோசைன்னு ஒண்ணு சொன்னீங்களே, அங்கேர்ந்து வரேன். தோசைய நாங்க சும்மா தின்னோமா? அவன் சண்டைக்கெல்லாம் எங்க பசங்களையும் கூட்டிட்டுப் போனானே, அது எந்தக் கணக்கு?"

மகன் ஒரு நிகழ்ச்சிகூட முழுதாகக் கேட்டதில்லை. மகள் கேட்டதே இல்லை. இந்த மனிதர் முதல் நாள் மஃப்ளரின் நிறம்வரை ஞாபகம் வைத்திருக்கிறார். சீத்தாராமனின் கண் கலங்கியது, கூடவே அந்தக் கேள்விக்கான பதிலும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. செசில் இரண்டு காபியைக் கொண்டுவந்து வைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருப்பீர்களா என்று கேட்டாள். சீத்தாராமன் மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தார். இன்னும் தொண்ணூற்றொன்பது நிகழ்ச்சி பாக்கி இருந்தது.