துளிர்த்த ஆட்டுக்கொம்புத் தூண்

பெருமுக்கல் கூட்டுரோட்டில், பாண்டுரங்கன் வீட்டு வாசலில் நின்ற இரண்டு சிமெண்ட் தூண்களில் வலது பக்கத்துத் தூண் போன வருஷம் வைகாசியில் துளிர் விட்டது. அந்த வாரம் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விலை இறங்கியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். தூணைப் பார்க்க வந்தவர்களும் மூட்டை என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்தத் தூண்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உடம்பு நெடுக வரி வரியாகப் பள்ளம், உச்சியில் இரண்டு பக்கமும் சுருண்ட கொம்பு. புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் பார்த்து பாண்டுரங்கன் ஆசைப்பட்டது. இதற்கு அயோனிக் என்று பெயர், கிரேக்க தேசத்துக் கோயில்களில் வைப்பது என்று வானூர் கொத்தனார் ஆரோக்கியராஜ் செல்போனில் படம் காட்டினார். “சாமிக்கு வச்சதுன்னா நமக்கும் வையி” என்றார் பாண்டுரங்கன். ஊர்க்காரர்களுக்கு அது ஆட்டுக்கொம்புத் தூண். கிரேக்கர்கள் கேட்டால் வருத்தப்படலாம், ஆனால் அவர்கள் யாரும் கூட்டுரோடு வரை வரப்போவதில்லை.

மகள் இளவரசிக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் திருமுருகன். பந்தக்கால் நடும் நாளில்தான் வினை வந்தது. வாசல் முழுக்க கிரானைட் பதித்திருந்தார்கள். ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டுக் குழி எடுக்கலாம் என்று மனைவி வெள்ளையம்மாள் எவ்வளவோ சொன்னாள். மனுஷனுக்கு மனசே வரவில்லை. கல்யாண முருங்கைக் கிளையை நடுவதற்குப் பதிலாக வலது தூணுக்கே மஞ்சள் பூசி, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி, சுமங்கலிகளைக் கூப்பிட்டுப் பால் ஊற்றச் சொன்னார். இப்படி ஒரு கூத்தை நம் பக்கத்து ஆளைத் தவிர வேறு யார் செய்வார்கள்? தூண் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாளில் கொம்புச் சுருளின் நடுவிலிருந்து பச்சையாக இலை எட்டிப் பார்த்தது. பந்தக்கால் துளிர்த்தால் பெண் நன்றாக வாழ்வாள் என்று வெள்ளையம்மாள் தினமும் செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

அந்தச் சமயம் பார்த்து திருமுருகனின் பெரியப்பா காலமானார். மாப்பிள்ளையின் அம்மா அம்சவள்ளி கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவிட்டாள். நட்ட பந்தக்காலைத் தாலி ஏறும்வரை பிடுங்கக் கூடாது, வாடவும் விடக் கூடாது. தண்ணீர் குடித்த தூண் வளர்ந்துகொண்டே போனது. இடது தூண் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டின் மேலும் சேர்த்துப் போட்ட வாசல் தளம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, ஆனி முடிவதற்குள் கூடத்துச் சுவரில் விரிசல் இறங்கியது. இளவரசியின் அறைக் கதவு சாத்த வரவில்லை. சோற்றில் சிமெண்ட் தூள் விழுந்தது. திண்டிவனத்திலிருந்து வந்த இன்ஜினியர் சீனுவாசன் முட்டுக் கொடுத்துவிட்டு, தூணை உடைக்காவிட்டால் வீடே உட்கார்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சேதி விழுப்புரத்துக்குப் போய், அம்சவள்ளி போனில் வந்தாள்.

“பந்தக்கால ஒடைக்கிற ஊட்ல எங்களுக்குப் பொண்ணு வேணாங்க. அப்புறம் நீங்க இன்னா வேணா பண்ணிக்குங்க.”

பாண்டுரங்கனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் மகள் வாழ்க்கை, இன்னொரு பக்கம் எல்லோரும் படுத்துத் தூங்குகிற வீடு. கடைசியில் கல் உடைக்கும் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். இளவரசி போய்த் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். “தள்ளும்மா, தளம் எறங்கினா நீதான் மொதல்ல மாட்டுவ” என்றார். அவள் நகரவில்லை. மேலே சடசடவென்று சத்தம் கேட்டபடி இருந்தது. அங்கே நின்றபடியே அவள் திருமுருகனுக்குப் போன் போட்டாள்.

“மாமா, உங்க ஊட்லயும் ஒரு பந்தக்கால் நடணும் இல்ல? அத எங்க ஊட்டு எடது தூணுக்கு வந்து கட்டுங்க.”

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டு வாசலில் தன் பந்தக்காலை நடுகிறவன் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான். அம்சவள்ளி புருஷனை இழந்தவள், அவனோ ஒற்றைப் பிள்ளை. இளவரசி எதைக் கேட்கிறாள் என்று இருவருக்குமே தெரியும். கேட்டுவிட்டு அவள் அழுதாள்.

மறுநாள் அவன் பைக்கில் வந்தான். மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து எடுத்து வந்திருந்தான். இடது தூணுக்குத் தானே கட்டினான். பால் ஊற்ற அவன் பக்கத்துப் பெண்கள் யாரும் வராததால் தெருக்காரிகள் ஊற்றினார்கள். ஆனால் தூண் அசையவில்லை. நாட்கள் போயின. வலது தூணோ நிற்காமல் ஏறியது, முட்டுக் கம்புகள் வளைந்தன, விரிசல் சாமி படம் வரை போய்விட்டது. பாண்டுரங்கன் எல்லோரையும் எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திருமுருகன் மட்டும் தளத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தான், பிறகு இளவரசியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடி வெள்ளியன்று உச்சி வெயிலில் இடது கொம்பில் இலை வந்தது. வந்த வேகத்தில் தூண் கிடுகிடுவென ஏறி, தளத்தைத் தாங்கிச் சமமாக்கி நிறுத்தியது.

“எம்புள்ளையத் தூண்ல கட்டிப்போட்டுட்டாங்க” என்று அம்சவள்ளி விழுப்புரத்தில் சொல்லிக்கினு இருந்ததாகக் கேள்வி. கல்யாணத்துக்கு அவள் வரவில்லை, மாப்பிள்ளையின் சித்தப்பாதான் முன்னே நின்றார். ஆவணியில் தாலி ஏறியபோது தளம் வீட்டைவிட்டுப் பிரிந்து பனைமர உயரத்தில் இருந்தது. மின்வாரியத்தார் ஏற்கெனவே வந்து கம்பியை மாற்றிக் கட்டியிருந்தார்கள். முறைப்படி பந்தக்காலைப் பிடுங்கித் தண்ணீரில் விட வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு தூணில் கை வைத்தார்கள். முள்ளங்கி மாதிரி இரண்டும் வேரோடு வந்துவிட்டன. தோளில் சுமந்துபோய் ஏரியில் விட்டார்கள். தளம் இறங்கவில்லை. கீழே ஒன்றுமில்லாமல் அங்கேயே நின்றது.

இன்றைக்கும் நிற்கிறது. சீனுவாசன் ஒருமுறை வந்து அளந்து பார்த்தார், காபி குடித்தார், போனார். மழை வந்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன் அடியில்தான் ஒதுங்குகிறார்கள். ஐப்பசி அடைமழையில் விழுப்புரம் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் பையைத் தலைக்குப் பிடித்தபடி இறங்கி, அங்கே ஒதுங்கி நின்றாள். இளவரசி துண்டோடு ஓடிவந்தாள். அம்சவள்ளி தலையைத் துவட்டிக்கொண்டே மேலே பார்த்தாள்.

“விழாதே இது?”

“விழாது அத்த. உள்ள வாங்க, அவரு சாப்டாம உக்காந்துகினு இருக்காரு.”