சோயாவிலிருந்து வந்த கார்பன்

உன் உடம்பில் ஆண்களுக்குக் கொடுக்கிற மருந்து இருக்கிறது என்று டாக்டர் உமாராணி போனில் சொன்னபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. சண்முகப்ரியாவுக்கு அந்த விசில் மட்டும்தான் காதில் விழுந்தது.

"திரும்பச் சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

உமாராணி அவளுடைய சைக்கிள் அணியின் மருத்துவர். நெய்வேலியின் மர நிழல் சாலைகளில் ஓட்டிப் பழகியவளை ஐரோப்பியப் பந்தயங்களுக்கு அழைத்துப் போகவிருந்த அணி அது. ஒப்பந்தம் கையெழுத்தான அன்று அப்பா சங்கரலிங்கம், "சைக்கிள்லயும் காண்ட்ராக்ட்தானா? எப்ப பெர்மனென்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்டாகவே கிடந்து பெர்மனென்ட் ஆனவர் அவர்.

இப்போது அந்த ஒப்பந்தம் போய்விடும். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதற்குத் தடை விதித்தால் நாலு வருஷம் எந்தப் பந்தயத்துக்கும் போக முடியாது.

ப்ரியா ஸ்பீக்கரைப் போட்டாள். அம்மா சந்திரகலா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்து குளித்திருந்த அப்பா, வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து மகளின் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுங்களுக்கும் டெஸ்டோஸ்டீரோன் கொஞ்சம் சுரக்கும். அதுக்கு ஜோடியா இன்னொண்ணும் சுரக்கும். சிறுநீர்ல ரெண்டும் ஏறக்குறைய சமமா இருக்கணும். உனக்கு ஒண்ணு மட்டும் எகிறியிருக்கு."

"சில பேருக்கு இயல்பாவே அப்படி இருக்குமாமே டாக்டர்?"

"அதுக்குத்தான் ரெண்டாவது சோதனை. கார்பனைப் பாப்பாங்க. உடம்பு தானா செய்யறதுல நீ சாப்பிடற எல்லாத்தோட கார்பனும் கலந்திருக்கும். மருந்தா விக்கறதை கம்பெனியில சோயா மாதிரி செடியிலேருந்து செய்யறாங்க. அதுல கனமான கார்பன் குறைவு. மெஷின்ல தெரிஞ்சிரும். உன்னோடது வெளியிலேருந்து வந்ததும்மா."

அம்மா குறுக்கிட்டாள். "டாக்டரம்மா, பாதி நாள் எங்க வீட்ல மீல்மேக்கர் குருமாதான். பிள்ளை தெம்பா ஓட்டட்டும்னு நான்தான் போட்டேன். அதுவும் சோயாதானே?"

"மூட்டை மூட்டையா தின்னாலும் சோயா வயித்துக்குள்ள டெஸ்டோஸ்டீரோன் ஆகாதும்மா."

"நான் ஊசி போடல, மாத்திரை போடல" என்றாள் ப்ரியா.

"டெஸ்டோஸ்டீரோனை ஸ்பிரிட்ல கலந்து ஜெல்லாவும் விக்கறாங்க. வீட்ல யாராவது அதைத் தோள்ல தடவுறாங்களா? தடவின கையைக் கழுவாம இன்னொருத்தரைத் தொட்டா, தோல் வழியா இறங்கிடும்."

"எங்க வீட்லயா? இவரு தலைவலித் தைலத்தைத் தவிர ஒண்ணையும் தொடமாட்டாரே" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள்.

காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

ப்ரியா குனிந்து பார்த்தாள். எண்ணெயோடு கலந்து லேசான ஸ்பிரிட் வாசனை. பல மாதமாக அது வருகிறது. சுரங்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற வாசனை என்று நினைத்திருந்தாள். அப்பா குளிப்பார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார், பிறகு வந்து காலைத் தேய்ப்பார்.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கிண்ணம் கவிழ்ந்து எண்ணெய் தரையில் ஓடியது.

அப்பா எழுந்துபோய் ஷிப்ட் பையிலிருந்து ஒரு டியூபைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதன் அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த எச்சரிக்கைத் தாளையும், யார் கண்ணிலும் படக் கூடாது என்று வாங்கிய அன்றே கிழித்துப் போட்டிருந்தார். கையைக் கழுவச் சொல்லியிருந்தது அந்தத் தாளில்தான்.

"யாருக்குங்க இது?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்குத்தான். உடம்புல அது சுரக்கலன்னு டாக்டர் சொன்னாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றது சந்திரா?"

அம்மா டியூபை எடுத்து, அதிலிருந்த எழுத்தைப் படிக்கப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களா? நீங்க பேசுறது சரியாக் கேக்கல" என்றார் போனில் உமாராணி. "அப்படி யாராவது இருந்தா, மருந்துச் சீட்டோட விசாரணையில வந்து சொல்லணும். முன்னப்பின்ன தெரியாதவங்க துருவித் துருவிக் கேப்பாங்க. தடையிலேருந்து தப்ப எனக்குத் தெரிஞ்சு வேற வழியில்ல."

அப்பா போனை எடுக்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். குழாயடிக்குப் போய் சோப்பு போட்டு முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, ப்ரியாவோட அப்பா பேசுறேன். தடவுறது நான்தான்."