பகலில் தொங்கும் நூல்

பேய் பிசாசெல்லாம் ராத்திரியில்தான் வரும் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. வஹீதாவிடம் வந்தது அந்தக் கணக்கில் சேராது. வெயில் ஏறினால் வரும். அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் ஆளை விட்டுவிடும்.

பாலக்கரைச் சந்து ஒன்றில் மாடி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள் அவள். கார்த்திகை மழையில் ஒரு நாள், கெட்டித் துணியில் ஊசி முறிந்து, முனை தெறித்து இடது கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் கிழிந்த கண்ணைத் தைத்து அனுப்பினார்கள். கண் முகத்தில் தங்கியது, பார்வை தங்கவில்லை. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பழமொழி பேசினார்கள். ஊசியடி பட்டவளிடம் வேறு என்னத்தைத்தான் பேசுவார்கள், பாவம்.

டாக்டரம்மா மட்டும் வேறு ஒன்று சொன்னார். "கண்ணோட உள்பக்கம் பூட்டின வீடு மாதிரிம்மா. அதுக்குள்ள யாரு இருக்கான்னு ஒடம்போட காவல்காரனுக்கே தெரியாது. இப்ப கதவு ஒடஞ்சு பாத்துட்டான். திருடன்னு நெனச்சுட்டான்னா, அதே மாதிரி இருக்கற பக்கத்து வீட்டையும் போய் அடிப்பான். ரொம்பச் சில பேருக்குத்தான் இப்படி ஆகும். வலது கண்ணு செவந்தா, கூசினா, மங்கினா அன்னிக்கே ஓடி வந்துடுங்க." பார்வை போன கண்ணை இப்போதே எடுத்துவிட்டால் அந்தப் பயம் குறையும் என்றும் சொன்னார். வஹீதா மாட்டேன் என்றாள். இதில் ஒரு சொல்லைக்கூட அவள் கணவன் ஷேக் தாவூதிடம் சொல்லவில்லை.

ரமலானுக்கு முந்தின வாரம் வலது கண் சிவந்தது. அடுத்தாற்போல் நூல் வந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஆனந்தவள்ளி டீச்சரின் அரக்குத் துணியில் கறுப்பாக ஒரு நூல் கிடந்தது. வஹீதா கிள்ளி எடுத்தாள். விரலில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் நூல் சுவரில் தொங்கியது. சுவரிலிருந்து நழுவி டீச்சரின் கழுத்தில் போய் விழுந்து, மெல்ல நெளிந்தது. வஹீதா கை நீட்டி அதைப் பிடிக்கப் போக, டீச்சர் பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா, என்ன இருக்கு?"

"நூலு டீச்சர்."

"ஒண்ணும் இல்லையே. கண்ணு வேற இப்படிச் செவந்திருக்கு. மெட்ராஸ் ஐ-யா இருக்கப் போவுது, டாக்டர்கிட்ட காமிங்க."

வஹீதா தனியாகப் போய்க் காட்டினாள். டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "யூவியைட்டிஸ். கண்ணுக்கு உள்ள அழற்சி. எதுக்குப் பயந்தேனோ அதேதான். மணிக்கொரு தடவை சொட்டு ஊத்தணும். காலையில சாப்பிட்டுட்டு இந்த மாத்திரை. விடாமப் போட்டா கண்ணக் காப்பாத்திடலாம். விட்டா உள்ளேயே தழும்பாகி ஒட்டிக்கும். நாளைக்கே வீட்டு ஆளோட வாங்க."

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கடுத்த நாள் நோன்புப் பிறை தெரிந்துவிட்டது.

அந்தச் சொட்டு கண்ணில் விழுந்தால் தொண்டையில் கசக்கும். கசப்பு தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று வஹீதா தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். ஆகவே பகலில் சொட்டு கிடையாது. மாத்திரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலைச் சாப்பாடே இல்லாதபோது மாத்திரை எதற்கு? நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது சந்தில் கோலி விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? பக்தி முற்றியதால் அல்ல அவள் சொட்டை நிறுத்தியது. நான் நோயாளி என்று சொல்லிவிட்டால், இருக்கிற ஒரு கண்ணும் போகிறது என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். அந்தப் பயம்தான்.

பகல்கள் பொல்லாதவையாயின. ஜன்னல் வழியே வெயில் விழுந்ததும் கண்ணுக்குள் ஆணி இறங்கியது. ஒற்றை நூல் பல நூலாகி, சிக்காகி, அவள் பார்க்கும் இடமெல்லாம் கூடவே வந்தது. தொழுகைப் பாயில் குனிந்தால் பாயில் கிடந்தது. உச்சி வேளையில் பனி இறங்கினாற்போல் ஆகிவிடும். அதற்குள் முகமில்லாத ஆட்கள் நடமாடினார்கள், குரலை வைத்து யாரென்று தெரிந்துகொண்டாள். நோன்புக் கஞ்சி குடித்து, இருட்டிய பின் சொட்டை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால் வலி அடங்கும். விடிந்தால் மறுபடியும் அதே கதை.

கண்ணாடியில் பார்க்கும்போது அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது, வந்தது போகவில்லை. இடது கண் சும்மா இருக்கவில்லை. செத்தது மாதிரி நடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தைக்கிறது. அதன் நூல்தான் இந்தப் பக்கம் வந்து தொங்குகிறது. அவள் இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தாள். மூடிய கைக்குள் இமை துடித்தது. அதன் பிறகு அவள் கண்ணாடி பார்க்கவில்லை.

ஷேக் தாவூதின் தங்கை ஜெஸிமா திருவானைக்காவலில் இருக்கிறாள். நோன்பு திறக்க வந்தவள் சமையல்கட்டில் அண்ணியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"மச்சி, அசையாதீங்க."

"என்னடி?"

"கண்பாப்பா வட்டமா இல்ல மச்சி. கத்திரியால வெட்டுன மாதிரி ஓரமெல்லாம் கோணலா இருக்கு." ஜெஸிமாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒங்களுக்கு நான் தெரியுறேனா?"

"நல்லாத் தெரியுறே."

ஜெஸிமா நம்பவில்லை. அண்ணனிடம் சொன்னாள். மறுநாள் ஷேக் தாவூது பெரிய கடைவீதியில் இருக்கும் தன் பாத்திரக் கடையைத் திறக்காமல் ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மலைக்கோட்டை தெரியுதா?"

"தெரியுதுங்க."

ஆட்டோ எந்தப் பக்கம் போகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பளீரென்ற வெள்ளைக்குள் நூல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் முன் எழுத்துப் பலகை வாசிக்க வேண்டும். பரிசோதிக்கும் பெண் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணை அட்டையால் மூடினாள். "ஒரு நிமிஷம் இருங்கக்கா," என்று சொல்லிக்கொண்டு எங்கோ நகர்ந்தாள். வஹீதா காத்திருக்கவில்லை. ஊசி பட்ட நாளிலிருந்து எத்தனை தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பலகை முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

"ப," என்றாள். "ட, ம. ய, க, ல."

ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். எங்கும் தடுமாறவில்லை. கடைசியில் இருக்கும் பொடி எழுத்துவரை போய் நிறுத்தினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று ஷேக் தாவூது மூச்சு விட்டார். "இந்த ஜெஸிமா சொன்னதைக் கேட்டு ஒரு ராத்திரி பூரா தூங்கல நான்."

பரிசோதிக்கும் பெண் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் இன்னும் போர்டுல லைட்டே போடலை."

 வஹீதா முகத்தை அங்குமிங்கும் திருப்பித் தேடினாள். எதிரே வெள்ளையாக ஓர் உருவம் நிற்பது தெரிந்தது. வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதானே கிளம்பினார். அந்த உருவத்தைப் பார்த்து அவள் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. நோன்பு போனாப் போவட்டும், இப்பவே சொட்டு ஊத்தச் சொல்லுங்க."

அது ஜன்னல் திரை. ஷேக் தாவூது அவளுக்குப் பின்னால், வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.