ஆந்தைக்கு எதிரே சுறா

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்கு அருகே இரண்டு கணினிக் கடைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. மயூரதன் விற்பது ஆந்தை கொம்பனியின் கிராபிக்ஸ் கார்ட். எதிர்க்கடைக் கஜானன் விற்பது சுறா கொம்பனியுடையது. இரண்டின் புதிய கார்டும் ஒரே வெள்ளிக்கிழமை வருகிறது. விலையைக் கடைக்காரரே வைக்கலாம். ஆனால் முதலில் வாய் திறப்பவரை மற்றவர் விலையைக் குறைத்து விழுத்திவிடுவார்.

போனமுறை விழுந்தவன் மயூரதன். இம்முறையும் சுறா முந்தினால் முகவர் உரிமை கொடிகாமத்துக் கடைக்குப் போகும் என்று ஆந்தை கொம்பனி மிக மரியாதையாக அறிவித்திருந்தது.

கஜானன், மயூரதனின் மனைவி கீர்த்திகாவின் அண்ணன். எனவே உளவுத்துறை வீட்டிலேயே இருந்தது. புதன்கிழமை மயூரதன் சோற்றைப் பிசைந்தபடி, பனி கொட்டும் நகரத்துப் படங்களில் வரும் ஒற்றன்போலக் குரலைத் தாழ்த்தினான்.

“ஒரு லட்சத்துக்குத்தான் விக்கப்போறன்.”

“நட்டமெல்லோ?”

“நட்டம்தான். கொண்ணர் கஜானனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை.”

வெள்ளி காலை கஜானனின் பலகையில் தொண்ணூற்றொன்பதாயிரம் என்றிருந்தது. விரித்த வலையில் சுறா விழுந்துவிட்டது என்று மயூரதனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓட்டோக்காரச் சிநேகிதன் லெனாட்டை அனுப்பி, இருந்த சுறா முழுவதையும் வாங்குவித்துப் பின்னறையில் அடுக்கினான். இனி ஊருக்கு ஆந்தைதான் கதி.

“உவன் சிரிச்சுக்கொண்டெல்லோ காசு வாங்கினவன், மச்சான்,” என்றான் லெனாட்.

“சிரிக்கட்டும்.”

கஜானன் பலகையை மாற்றினான்: ‘ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது! அடுத்த தொகுதிக்குப் பதிவு செய்க.’ புதிய விலை இரட்டிப்பு. பஸ்ஸால் இறங்கிய பெடியள் பலகையைப் படமெடுத்தார்கள். வரிசை வளைந்து வந்து மயூரதனின் வாசலை அடைத்தது. எல்லோரும் அவனுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

“தம்பி, ஆந்தை இருக்கு. இப்பவே கொண்டுபோகலாம்.”

“ஒருத்தரும் வாங்கேல்லையோ அண்ணை?”

“இன்னும் இல்லை.”

“அப்ப எனக்கு என்னத்துக்கு?”

மயூரதன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். “கொண்ணருக்குச் சொன்னனியோ?”

“ஓம். அது பொய் எண்டும் சொன்னனான்,” என்றாள் கீர்த்திகா.

“ஏனடியப்பா?”

“உங்கடை குரலிலையே பொய் தெரிஞ்சது. அண்ணை உண்மையோ எண்டு கேட்டவர். கூடப்பிறந்தவருக்கு என்னெண்டு பொய் சொல்லுறது?”

முகவர் உரிமை கொடிகாமத்துக்குப் பஸ் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து வரிசையிலிருந்து ஒருவன் திரும்பினான்.

“அண்ணை, சுறா ஒண்டு எங்கையாவது எடுக்கேலுமோ? கூடக் குடுப்பன்.”

மயூரதன் சுவரில் ஒட்டியிருந்த ஆந்தையைப் பார்த்தான். அதுவும் கண்ணை மூடாமல் அவனையே பார்த்தது. கதவைப் பாதி சாத்தினான்.

“சத்தம் போடாமல் உள்ளை வாரும்.”