நாளொன்றுக்கு மூன்று சொல்

அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றவர்கள் நான், என் மனைவி தெய்வாத்தாள், மருமகள் பூங்கோதை, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆறு வயதுப் பேத்தி ஆதிரை, தெய்வாத்தாளின் தம்பி வெள்ளியங்கிரி, நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த என் மகனின் சிநேகிதன் சாதிக், இத்தனை பேர்தான், கூட இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் ஒருவரும் அங்கே இல்லை, திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி நிற்கிறது, வரியின் முடிவில் ஒரு சிறிய வெள்ளைக் கோடு தோன்றுகிறது, மறைகிறது, தோன்றுகிறது, அமராவதியைத் திறக்கக் கடவுச்சொல் கொடுங்கள் என்று கேட்கிறது என்றான் சாதிக், சொல்லிவிட்டுக் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், பிறகு என்னைப் பார்க்காமலே, யாருப்பா இத அணைச்சது என்று கேட்டான், கரண்ட் போயிருச்சு என்றேன் நான், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அவன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான், அங்கே லாரிக்குப் போடுவது போன்ற இரண்டு பேட்டரிகளோடு ஒரு யுபிஎஸ், நான்கு பச்சை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன, அரை நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் தாங்கும் என்று என் மகன் பெருமையாகச் சொன்னது, சாதிக் நிமிர்ந்தான், பார்வையைத் திரைக்கே திருப்பிக்கொண்டான், நல்ல வளர்ப்பு.

அமராவதி என்பது ஒரு கறுப்புத் தகரப் பெட்டி, ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர், காந்திபுரத்துப் பழைய சாமான் கடையில் வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான் என் மகன் மகுடேசன், ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே டிஸ்க் போட்டு, விசிறி மாற்றி, லினக்ஸ் ஏற்றி, அதை சர்வர் என்று சொன்னான், அவன் வைத்திருந்த எல்லாவற்றுக்கும் ஆற்றின் பெயர், உள்ளங்கையளவு சர்க்யூட் பலகை ஒன்று நொய்யல், மொட்டை மாடியில் மழை அளக்கும் கருவியின் கணக்கை எழுதிக்கொண்டிருந்தது பவானி, மழை அளந்து என்னடா செய்யப் போகிறாய் என்று நான் கேட்டதில்லை, கேட்டால் அவன் பதில் சொல்வான், அந்தப் பதிலை நான் யாரிடமும் திருப்பிச் சொல்ல முடியாது, பையன் என்ன பண்றாப்லைங்க என்று கல்யாண மண்டபங்களில் கேட்பார்கள், சிஸ்டம் மேனேஜர் என்பேன், அவன் கம்பெனியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது, வீட்டிலிருந்தபடி முகம் தெரியாத ஆட்களின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேட்டியோடு, சவரம் செய்யாமல், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பான், அவன் அறையைக் கடக்கும்போது விசிறியின் அந்த ஒரே சீரான இரைச்சல் என் காதில் விழும், ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான், இரைச்சலை வைத்தே மெஷினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், அமராவதி நல்ல உடம்போடு இருந்தது.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் நான்தான், இதை யாரும் மறுக்க முடியாது, ஆதிரைக்குப் பெயர் வைத்த அன்று எடுத்த படங்களை மகுடேசன் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டான், பத்தாம் நாள் தாராபுரத்திலிருந்து ஒரு தூரத்து உறவு போன் செய்து, கொழந்த அரணாக்கொடி எத்தன பவுனுங்க என்று கேட்கிறது, நான் அவனைக் கூப்பிட்டேன், சத்தம் போடவில்லை, நம்ம ஊட்டுச் சங்கதி எதுக்குடா ஊரான் ஊட்டுல கெடக்குது என்று மட்டும் கேட்டேன், அவன் எதிர்த்துப் பேசவில்லை, ஒரு வாரம் கழித்து என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அந்தப் பெட்டியைக் காட்டுகிறான், அப்பா, எல்லாத்தையும் அங்கிருந்து எடுத்துப்போட்டனுங்க, இனி நம்ம ஊட்டுப் போட்டோ நம்ம ஊட்டுலயேதான் இருக்கும், திருடன் பொட்டியத் தூக்கிட்டுப் போனாலும் அவனுக்கு வெறுந் தகரந்தானுங்க, சாவி என்ற மண்டைல இருக்குது என்று நெற்றியைத் தட்டிக் காட்டுகிறான், நான் தலையை ஆட்டினேன், எங்களுக்குள் அதைவிடப் பெரிய பாராட்டு இருந்ததில்லை, முப்பத்துநான்கு வயதில் அவன் முகம் அப்படி விரிந்ததைப் பார்த்தேன், பார்க்காதவன் போல வெளியே வந்தேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வான், ஒரு சின்ன மைக், இன்னிக்கு என்னாச்சு கண்ணு, அவ்வளவுதான் கேள்வி, அவள் பேசுவாள், ஒரு நிமிடம், இரண்டரை வயதில் தொடங்கியது, ஒரு நாள் விடவில்லை, பூனை வந்துச்சு, பூனை போச்சு, அப்பாரு மொறச்சாரு, அப்பாரு என்றால் தாத்தா, நான்தான், கதவுக்கு வெளியே பேப்பரை மடித்தபடி நின்று கேட்பேன், உள்ளே போனதில்லை, அத்தனையும் அமராவதியில் இருந்தன, பூங்கோதையின் போனில் தொட்டால் வரும், கேட்கலாம், பார்க்கலாம், போனில் தங்காது, தங்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு, இன்னொரு நகல் பீரோவில் ஒரு டிஸ்க்கில், அதற்கும் அதே பூட்டு, அதே சாவி.

ஒரு திங்கட்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், முப்பத்தொன்பது வயது, மாரடைப்பு என்று எழுதிய தாளில் நான் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன், உட்காருங்க என்று டாக்டர் சொன்னதும் நினைவிருக்கிறது, வேண்டாம் என்றதும் நினைவிருக்கிறது, அதற்குப் பிறகான நாட்கள் யாரோ ஒருவருடைய வீட்டில் நடந்தவை போல இருக்கின்றன, பந்தல், நாற்காலிகள், வந்தவர்களை வாங்க என்றேன், போனவர்களுக்குக் கை கூப்பினேன், முதுகு வளையவில்லை, மூன்றாம் நாள் சாதிக் வந்து என்னைத் தனியாக அழைத்தான், அப்பா, ஒண்ணே ஒண்ணு, அமராவதிய மட்டும் அணைச்சுராதீங்க, இப்ப தொறந்து கெடக்கு, அணைச்சா பூட்டிக்கும், சாவி அவன்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு, நான் பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கியாந்து காப்பி எடுத்துக் குடுத்தர்றேன், ஒரு நாள் போதும் என்றான், பதினாறு முடியட்டும் என்றேன், பூங்கோதை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், மாமா, அவரு எடுத்துக் குடுத்துட்டுப் போகட்டுங்களே என்றாள், அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது, வெளியாளு கை வெக்கறதுக்கு இதென்ன சந்தைக் கடையா என்றேன், சாதிக் காதில் விழும்படியே சொன்னேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் சிவப்பு மையால், தயவுசெய்து அணைக்காதீங்க என்று பெரிதாக எழுதி, பெட்டியின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனான்.

கருமாதிக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவ வேண்டும், உள்ளறையிலிருந்து வாசல் வரை, ஓர் அறையும் விடக் கூடாது, பெண்கள் மஞ்சள் தண்ணீரும் விளக்குமாறுமாகச் சமையலறையைக் கழுவிக்கொண்டு வருகிறார்கள், மகுடேசன் அறையின் தரை முழுக்க ஒயர்கள், தண்ணீர் படுகிற இடத்தில் மின்சாரம் இருக்கக் கூடாது, முப்பத்துநான்கு வருடம் மில்லில் நான் ஓதிய ஒரே மந்திரம் அது, அதோடு வெளியூர்ச் சொந்தமெல்லாம் வரப்போகிறது, செத்துப்போன என் மகனின் சாமான் மீது ரேஷன் கடை அறிவிப்பு போல ஒரு சீட்டு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், சீட்டை எடுத்தேன், கிழியாமல் வரவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், பெட்டியை எப்படி அணைப்பது என்று அவன் எனக்கு ஒருமுறை காட்டியிருந்தான், அப்பா, ஒயரப் புடுங்கிப்போடாதீங்க, பொத்தான ஒரு தரம் அழுத்திட்டுப் பொறுமையா இருங்க, அதுவே எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டுத் தூங்கும், அப்படியே செய்தேன், ஒரு தரம் அழுத்தினேன், பொறுமையாக நின்றேன், இரைச்சல் இறங்குகிறது, ஷிஃப்ட் முடியும்போது நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் இறங்குமே அப்படி, நான் மில்லில் நிற்கிறேன், பஞ்சுத் தூசி மீசையில் படிகிறது, ஒவ்வொரு வரிசையாக ஓய்கிறது, கடைசி ஸ்பிண்டிலும் நின்றபின் காதுக்குள் அந்த வெறுமை, விளக்கு அணைந்தது, மணி ஒன்பதேகால், முறையாகச் செய்தோம் என்று ஒரு திருப்திகூட வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, என் பாதத்தை நனைத்துக்கொண்டு போயிற்று.

சாதிக் சொன்னது எனக்குக் கேட்டிருந்ததா, கேட்டிருந்தது, ஒவ்வொரு சொல்லும், ஆனால் அணைத்த மெஷினைத் திரும்பப் போட்டால் ஓடும் என்பது என் கையில் ஊறிய நம்பிக்கை, பையன்கள் கூட்டிச் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டேன், பதினேழாம் நாள் அவன் புது டிஸ்க்கோடு வந்து பொத்தானை அழுத்தியபோது இரைச்சல் சரியாகத்தான் ஏறியது, நல்ல உடம்போடு, திரையில் அந்த ஒரு வரி வந்து நின்றது, கரண்ட் போயிருச்சு என்றேன்.

அன்றிலிருந்து குளித்துவிட்டு, திருநீறு வைத்துக்கொண்டு, தினமும் அதன் முன்னால் உட்காருகிறேன், மூன்று சொல் கேட்கும், மூன்றும் தவறினால் முறைத்துக்கொண்டு வேறொரு வரியைக் காட்டி நின்றுவிடும், அணைத்துப் போட்டால் இன்னும் மூன்று கேட்கும்தான், ஆனால் நான் நாளொன்றுக்கு மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், சொற்கள் தீர்ந்துவிட்டால் அதற்கப்புறம் காலையில் என்ன செய்வது, நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன், குலதெய்வத்தின் பெயர், அவன் படித்த பள்ளி, அவன் போன பஸ்ஸின் எண், பூங்கோதை, ஆதிரை, பிறந்த தேதியோடு, தேதி இல்லாமல், தமிழை ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், என் பெயரை நூற்றுப் பத்தாம் நாள்தான் போட்டுப் பார்த்தேன், அதுவும் இல்லை, சாதிக் போனில் ஒளிக்காமல் சொன்னான், அவன் சம்பந்தமில்லாத ஆறேழு வார்த்தையக் கோத்து வெப்பான்ப்பா, உலகத்துல இருக்கற அத்தன கம்ப்யூட்டரும் சேந்து தட்டினாலும் நம்ம காலத்துல தொறக்காது, உங்க ஒடம்பப் பாத்துக்கங்க, எனக்கு நேரம் இருக்குது என்றேன், பூங்கோதை காப்பியைக் கொண்டுவந்து அறைக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள், ஒன்றும் கேட்க மாட்டாள், ஒரே ஒரு நாள் கேட்டாள், மாமா, அன்னிக்குக் கரண்ட் எத்தன மணிக்குங்க போச்சு, ஒம்போதேகால் இருக்கும் என்றேன், அப்ப தண்ணி மோட்டார் ஓடிட்டிருந்துச்சுங்களே என்றாள், நான் திரையைப் பார்த்தேன், அவள் காப்பி ஆறுதுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள், ஆதிரை மட்டும் வந்து நாற்காலியின் கையில் தொற்றிக்கொள்வாள், அப்பாரு, நான் சின்னதுல எப்படிப் பேசுவனுங்க, நல்லாப் பேசுவ, என்ன பேசுவனுங்க, பூனை வந்துச்சும்ப, அப்பறம், பூனை போச்சும்ப, அப்பறம், எனக்கு அதற்கு மேல் வரவில்லை, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாயங்காலங்களில் எனக்கு ஒரு பூனைதான் மிஞ்சியிருக்கிறது.

பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில்தான் முதலில் என் காதுக்கு வந்தது, அன்றைக்கு அந்தப் பக்கமே மின்சாரம் போகவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், அப்படியென்றால் பெரியவர் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார், பெட்டியை உடைத்து டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்துவிட்டாராம், உள்ளே ஏதோ இருந்ததாம், பந்தியில் எனக்கு முதுகைக் காட்டியபடி யாரோ பேசியது, கை கழுவிவிட்டு வந்துவிட்டேன், அந்தப் பேச்சு என்னைக் குறை சொல்லவில்லை, அதைக் கவனித்தேன், அது என்னைத் தூக்கித்தான் வைத்தது, அதனால் ஐந்து மாதம் அதை அப்படியே விட்டேன், இதையும் எழுத வேண்டும்.

வருசத் திதி அன்று வீட்டில் நாற்பது இலை, நான் முதல் பந்தியில், என் பக்கத்து இலையில் வெள்ளியங்கிரி, சாதிக்கையும் வரச் சொல்லியிருந்தேன், எதிர் வரிசைக் கடைசியில் அவன், பூங்கோதை ரசம் ஊற்றிக்கொண்டு வருகிறாள், வெள்ளியங்கிரி சோற்றைக் குழி செய்தபடி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே பேசுகிறான், மச்சான், உங்களையச் சொல்லோணும், ஆயிரம் பேரு ஆயிரம் பேசட்டும், கெட்ட படம்ங்கறான் ஒருத்தன், எவளோ ஒருத்தி எழுதுனதுங்கறான் இன்னொருத்தன், நமக்கெதுக்குங்க அது, அன்னிக்கு அது பூட்டிக் கெடந்தத நானுந்தான் பாத்தேன், அதுக்கப்பறம் நாலு பேரு கண்ணுல படறதுக்குள்ள அடிச்சு முடிச்சு உட்டீங்க பாருங்க, அதான் பெரிய மனுசன், குடும்ப மானம்னா சும்மாவா, எதிர் இலையில் காங்கேயத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதற்குத் தலையை ஆட்டுகிறார், வரிசை முழுவதும் சாப்பிடும் சத்தம் குறைகிறது, அவன் அன்பாகத்தான் சொன்னான், என் மேல் அவனுக்கு எப்போதும் மரியாதை உண்டு, நான் பேசாமல் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், பெரிய மனுசனாகவே இருந்துவிடலாம், இருக்கிற வரைக்கும், பூங்கோதை அகப்பையோடு நின்றுவிட்டாள், ரசம் அவள் கால் விரலில் சொட்டுகிறது, அவள் என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கிறாள், என் மகனுக்குப் படைத்த சோறு என் கையில் இருக்கிறது.

பந்தி முடியாமல் இலையை விட்டு நான் எழுந்ததே இல்லை, எழுந்தேன், ஏனுங்க என்று தெய்வாத்தாள் உள்ளிருந்து வந்தாள், அவளைக் கையமர்த்தினேன், எச்சில் கையோடு, முதுகு நேராக, எதிர் வரிசைக் கடைசி வரைக்கும் கேட்கும்படி சொன்னேன், வெள்ளியங்கிரி, அன்னிக்குக் கரண்ட் போகலை, பொட்டிய யாரும் ஒடைக்கலை, அது அந்த ரூம்புலதான் இருக்குது, என்ற பையன் அதுல எதையும் ஒளிச்சு வெக்கலை, கொழந்த பேசுனதும் போட்டோவுந்தான் இருந்துச்சு, அணைக்காதீங்கன்னு சாதிக் ஒட்டுன சீட்டக் கிழிச்செடுத்துட்டு, ஒம்போதேகாலுக்கு அத அணைச்சது நான்.