மேடையை விட்டு இறங்காத பத்து கிலோ

லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடை மேடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவரை லாரிக்காரர்கள் 'டன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தொழில். இன்னொன்றை அவர் உட்கார்ந்த நாற்காலியைக் கேட்டால் சொல்லும்.

டன்னுக்கு இருந்த ஒரே சொந்தம் அக்கா. அம்மா போனபோது தம்பிக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அன்றைக்குக் கையில் எடுத்த கரண்டியை, தம்பிக்கு ஐம்பது தாண்டியும் அவள் கீழே வைக்கவில்லை. இப்போது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தாள். டன்னின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. பொருந்தாதது டன்தான். ஆஸ்பத்திரித் தராசில் நூற்றுப் பதிமூன்று காட்டினார்.

"தொண்ணூறுக்கு வாங்க. அதுக்கு மேல இருந்தா உங்க மேல கத்தி வைக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"ஒரு மாசம் பட்டினி கிடந்துடறேன் டாக்டர்."

"கெட்டுது போங்க. பட்டினில போனது, வரும்போது துணைக்கு ஆள் கூட்டிட்டு வரும். தினமும் செய்ய முடிஞ்சதா ரெண்டு மூணு பழக்கத்தை மாத்துங்க, போதும். மெதுவாப் போகட்டும். போனது திரும்பக் கூடாது."

பெரிய தட்டை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டுச் சின்னத் தட்டில் சாப்பிட ஆரம்பித்தார் டன். டீயில் நாலு கரண்டியாக இருந்த சர்க்கரை மூன்றாகி, இரண்டாகி, ஒன்றில் வந்து நின்றது. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். மூன்றாம் மாடிக்கு லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார். டிவிக்கு முன்னால் எதையும் கொறிப்பதில்லை என்று முடிவு செய்தபோதுதான், தான் பார்த்துக்கொண்டிருந்த தொடரின் கதை எவ்வளவு மட்டம் என்பது அவருக்குத் தெரிந்தது.

"என்னடா தட்டு இது, பூனைக்கா?" என்றாள் அக்கா.

"எனக்குத்தான்க்கா."

"பூனையே ரெண்டாந்தரம் கேக்கும்."

எடை பார்க்க டன் வேறெங்கும் போகவில்லை. ஐம்பது டன் தாங்கும் மேடையைக் கட்டி ஆளுகிறவன் பொம்மைத் தராசில் ஏறுவதாவது! ஆனால் அந்த மேடைக்கு லாரிதான் கணக்கு. மனிதர்கள் அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரிய மாட்டார்கள். பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். ஐந்து மாதம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியம் மேடை நடுவில் நின்றார். ஐந்து மாதமும் திரையில் நூற்றுப்பத்துதான். படி ஏறிய முட்டிக்குத் தெரிந்தது, பெல்ட்டுக்குத் தெரிந்தது. மேடைக்கு மட்டும் தெரியவில்லை.

ஆறாம் மாதத்தில் ஒரு திங்கள். நல்ல வெயில். திரையில் நூறு என்று விழுந்தது. டன்னுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.

ஆள் இறங்கினால் சைபர் காட்ட வேண்டும். பத்து காட்டியது.

திரும்பிப் பார்த்தார். மேடை நடுவில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். டன்னின் உயரம், டன்னின் பழைய நீலச் சட்டை. எலும்பு என்று எதுவும் இல்லாததால் நின்ற இடத்திலேயே கொஞ்சம் வழிந்திருந்தான். மாடி ஏறியவனைப் போல மூச்சு மட்டும் வாங்கியது. அந்த மூச்சு டன்னுக்குப் பழக்கம். முப்பது வருஷம் தன் நெஞ்சுக்குள் கேட்ட அதே மூச்சு.

வேறொருவர் என்றால் அலறியிருப்பார். டன் தொழில்காரர். ஆளில்லாத மேடை சைபர் காட்டவில்லை என்றால் மேடையில் சேறு என்று அர்த்தம். திருத்தும் பொத்தானை ஒரு அழுத்து. அழுத்தினார். சைபர் வந்தது. மனம் நிம்மதியானது.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான். அவனைச் சேர்த்துச் சைபர் என்று சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. ஆனால் அவன் மரியாதை தெரிந்தவன். லாரி வந்தால் இறங்கி வழிவிடுவான். போனதும் ஏறி நிற்பான். டன் ஏறினாலும் அப்படியே. அதனால் மேடை ஏறிய எல்லாமே பத்து கிலோ குறைவாகக் காட்டின.

"டன்னு அண்ணே, என் லாரி பத்து கிலோ இளைச்சிருக்கே. அதையும் வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றான் ஒரு டிரைவர்.

"உன் தொப்பையை வீட்டுல வெச்சிட்டு வந்திருப்பே. போடா."

சாயங்காலம் அவன் டன்னின் பின்னாலேயே வீட்டுக்கு வருவான். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காருவான். பேச மாட்டான், தொட மாட்டான். தலை குனிந்து சின்னத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். டன் தட்டைக் கழுவப் போகும்போது பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும். காலையில் பார்த்தால் அந்த நாற்காலியின் மெத்தை ஈரமாக அமுங்கியிருக்கும். சர்க்கரை டப்பாவின் மூடி திறந்திருக்கும். சர்க்கரை குறைந்திருக்காது. முகர்ந்து பார்த்திருப்பான், பாவம்.

நூறைப் பார்த்த தெம்பில் மூன்று மாதம் எடை பார்க்காமல் இருந்துவிட்டு டன் ஏறியபோது, மேடை தொண்ணூறு காட்டியது. டன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார் டாக்டரம்மா.

"உங்க தராசு கெட்டுப்போச்சு டாக்டர்."

"இன்னிக்குக் காலையிலதான் சரிபார்த்தாங்க. பதினஞ்சு கிலோ போயிருக்கு, பெரிய விஷயம். ஆனா அக்காவுக்கு நாள் அதிகமில்ல. கையில ஊசி போட நரம்பு தேடவே அரை மணி ஆகுது. ஆறு மாசத்துக்குள்ள வந்துடுங்க."

கதவோரம் பார்த்தார் டன். அவன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். டிரைவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அன்றே மேடையை ஒழுங்காகத் திருத்திவைத்தார். பிறகு இன்னொரு மடத்தனம் செய்தார். சாப்பாட்டையே நிறுத்தினார். நாலு நாள் தண்ணீர் மட்டும். எதிர் நாற்காலியில் இருந்தவன் அந்த நாலு நாளும் அசையாமல் காத்திருந்தான். பட்டினிதான் அவன் திரும்பி வருகிற வழி. ஐந்தாம் நாள் மத்தியானம், எப்படி வந்தோம் என்றே தெரியாமல், டன் அடுப்படியில் நின்றபடி ஒரு முழு ரொட்டியையும் அரை டப்பா ஜாமையும் முடித்திருந்தார். தோளில் ஏதோ சில்லென்று பட்டது. திரும்பினால், அவன் மிக அருகில் நின்றிருந்தான். நீலச் சட்டை கொஞ்சம் தொளதொளவென்றாகியிருந்தது. அவனிடமிருந்து குறைந்தது எங்கே போயிற்று என்று கேட்கவே தேவையில்லை. டன்னின் பெல்ட் இறுகியது.

டன் கழுவித் துடைத்துச் சின்னத் தட்டை எடுத்து வைத்தார். மணி பார்த்து, மேஜையில் உட்கார்ந்து, மென்று சாப்பிட்டார். அவ்வளவுதான். மறுநாளும் அதே. விரட்டவில்லை, முறைக்கவில்லை. படியேறும்போது பின்னால் மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம் நின்று, அவனும் வரட்டும் என்று ஏறினார். ஒரு நாள் ஆசை மிஞ்சி இரண்டு கேக் தின்றுவிட்டார். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. மறுநாள் மறுநாளைப் போலவே இருந்தது. நீலச் சட்டையில் பித்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கத் தொடங்கின.

ஐந்தரை மாதத்தில் ஆஸ்பத்திரித் தராசு எண்பத்தொன்பது காட்டியது. அடுத்த வாரமும் எண்பத்தொன்பது. அதற்கடுத்த வாரமும் அதே. டாக்டரம்மா நாள் குறித்தார்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளுவண்டியில் போகும்போது டன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவன் வாசலோடு நின்றுவிட்டான். இருபத்து நாலு கிலோ ஆள், கதவை அடைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் டன்னை நடக்கவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனார். தம்பியின் சிறுநீரகம் அவளுக்குள் மூச்சுவிடாமல் உழைத்துக்கொண்டிருந்தது. கட்டிலோரம் தொங்கிய பையில் மஞ்சளாக நீர் இறங்கியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வீக்கமில்லை. டன்னைப் பார்க்கவில்லை அவள். அவருக்குப் பின்னால், கதவோரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா அது, உன் பின்னாடி?"

ஒன்பது மாதத்தில் வேறு யார் கண்ணுக்கும் அவன் தெரிந்ததில்லை.

"யாரும் இல்லக்கா. நீ தூங்கு."

"பொய் சொல்லாத. பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறான்." அக்கா தலையணையில் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். "சாப்பிட்டானாடா அவன்?"

கதவோரம், ஒன்பது மாதமாகக் குனிந்தே இருந்த தலை, முதல் தடவையாக நிமிர்ந்தது.